அந்த நீல சீரம் முகத்துக்கு என்ன செய்யும்?

வந்த கேள்வி இது: வயது 44. கண்ணோரம் சுருக்கம் விழ ஆரம்பித்திருக்கிறது, கன்னத்தில் லேசாக மங்கு. காலையில் வைட்டமின் சி சீரம், இரவில் ரெட்டினால் போடுகிறேன். அமெரிக்காவில் இருக்கும் தங்கை காப்பர் பெப்டைடு சீரம் ஒன்று அனுப்பியிருக்கிறாள், நீல நிறத்தில் இருக்கிறது. உண்மையில் பலன் உண்டா? இருப்பதோடு சேர்த்துப் போடலாமா? செம்பு பட்டால் முகம் கறுக்குமா? இதையே ஊசியாகப் போட்டால் இன்னும் நல்லது என்கிறார்களே?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: ஊசி வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். சீரம் கைக்கு வந்துவிட்டது, தாராளமாகப் போடுங்கள். ஆனால் சன்ஸ்கிரீன், ரெட்டினால் இரண்டுக்கும் அடுத்த இடம்தான் இதற்கு. முதல் இடத்தைக் கொடுத்தால் ஏமாந்துபோவீர்கள்.

நான் டாக்டர் இல்லை. க்ரீம், சீரம் தயாரிக்கும் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன். அதனால் குப்பிக்குள் நடப்பதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பொருளின் கதை தோலில் தொடங்கவில்லை, கல்லீரலில் தொடங்கியது. லோரன் பிக்கார்ட் என்ற உயிர்வேதியியலாளர் சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, வயதானவர்களின் கல்லீரல் திசுவை இளைஞர்களின் ரத்த பிளாஸ்மாவில் வைத்துப் பார்த்தார். கிழட்டுத் திசு கொஞ்சம் இளசு மாதிரி நடந்துகொண்டது. பிளாஸ்மாவில் எது இதைச் செய்கிறது என்று பிரித்துப் பிரித்துத் தேடிப்போனதில், 1973இல் ஒரு சின்ன மூலக்கூறு கிடைத்தது. கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் கோத்த துண்டு; இப்படிக் கோத்த சிறு துண்டுக்குத்தான் பெப்டைடு என்று பேர். மூன்றின் குறியெழுத்துகளைச் சேர்த்து ஜிஎச்கே என்பார்கள். இந்தத் துண்டு செம்பு அயனியைக் கண்டால் விடாமல் கவ்விக்கொள்ளும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. செம்பைக் கவ்விய ஜிஎச்கேதான் உங்கள் குப்பியில் இருக்கும் காப்பர் பெப்டைடு.

இருபது வயதில் நம் பிளாஸ்மாவில் ஒரு மில்லிலிட்டருக்கு சுமார் 200 நானோகிராம் இருக்கும் ஜிஎச்கே, அறுபதில் 80 ஆகக் குறைகிறது என்று பிக்கார்ட் எழுதினார். விளம்பரங்களில் தவறாமல் வருவது இந்தக் கணக்குதான். கேட்டவுடன் "அப்போ குறைந்ததை ஈடுகட்டினால் இளமை திரும்பும்" என்று மனசு தாவும். அங்கேதான் நிதானம் வேண்டும். வயதானால் உடம்பில் எத்தனையோ குறைகிறது; குறைவது எல்லாமே முதுமைக்குக் காரணம் ஆகிவிடாது. ரத்தத்தில் குறைந்ததை முகத்தில் தடவி நிரப்பவும் முடியாது. பிக்கார்ட் பிறகு இதே பொருளை விற்கும் நிறுவனங்களையும் தொடங்கினார் என்பதை மனதில் வைத்துக்கொண்டு அவர் எழுதியதைப் படிப்பது நல்லது. பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. விற்பவர் தன் சரக்கைப் பார்க்கும் கண் வேறு, அவ்வளவுதான்.

இருந்தாலும் இதன் உயிரியலைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஜிஎச்கே என்ற இந்த மூன்றெழுத்து வரிசை, நம் தோலைத் தாங்கும் புரத இழையான கொலாஜனுக்குள்ளேயே ஒரு இடத்தில் இருக்கிறது. காயம் பட்டுக் கொலாஜன் அறுபடும்போது இந்தத் துண்டும் வெளியே வரக்கூடும். "இங்கே உடைந்துவிட்டது, கட்ட ஆரம்பியுங்கள்" என்று பக்கத்துச் செல்களுக்கு அது தகவல் சொல்கிறது என்பது ஒரு அழகான கருத்து. 1988இல் பிரான்ஸில் மக்கார் குழுவினர், கொலாஜனை உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைத் தட்டில் வளர்த்து, மிகமிகக் குறைந்த அளவு காப்பர் பெப்டைடைச் சேர்த்தபோது கொலாஜன் உற்பத்தி கூடியது. லிட்டருக்கு நானோமோல் கணக்கில்தான் அளவு, அதாவது ஒரு லிட்டரில் மைக்ரோகிராமுக்கும் கீழே. பின்னால் வந்த வேலைகளில் இன்னொன்றும் தெரிந்தது. பழைய இழைகளை வெட்டும் நொதிகளையும் இது கூட்டுகிறது, அந்த நொதிகளை அடக்கும் புரதங்களையும் கூட்டுகிறது. வீட்டைப் புதுப்பிக்கும்போது இடிக்கிற ஆளும் வேண்டும், கட்டுகிற ஆளும் வேண்டும், ரெண்டு பேரையும் மேய்க்க மேஸ்திரியும் வேண்டும் இல்லையா? அந்த மாதிரி.

செம்புக்கும் இதில் தனியாக ஒரு பங்கு உண்டு. கொலாஜன், எலாஸ்டின் இழைகள் தனித்தனியாகக் கிடந்தால் பலம் இல்லை. ஒன்றோடொன்று பிணைந்தால்தான் கயிறு முறுக்கேறும். அந்தப் பிணைப்பைப் போடுவது லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி, அது வேலை செய்யச் செம்பு கட்டாயம். செம்பை உடம்பு சரியாகக் கையாள முடியாத மென்கீஸ் என்ற பிறவி நோயில் குழந்தைகளின் தோல் தளர்ந்து தொங்கும், முடி கம்பிபோல முறுக்கிக்கொண்டு உடையும். ஆகச் செம்பு இல்லாமல் தோல் இல்லை என்பது சரிதான்.

உடனே ஒரு கேள்வி வரும், எனக்கு அடிக்கடி வருகிறது: அப்படியானால் செம்புக் குடத்துத் தண்ணீர் குடித்தால் போதாதா? பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய செம்பு 0.9 மில்லிகிராம். பருப்பு, எள், நிலக்கடலை, முந்திரி, முழுத்தானியம் சாப்பிடும் ஆளுக்கு அது தானாகவே கிடைத்துவிடும். பற்றாக்குறை இல்லாத உடம்பில் மேலும் செம்பைச் சேர்ப்பதால் கண்ணோரச் சுருக்கம் போகாது. குடத்துத் தண்ணீர் பிடித்தால் குடியுங்கள், முகத்தோடு அதை முடிச்சுப்போட வேண்டாம். எலுமிச்சைச் சாறும் மோரும் மட்டும் அந்தக் குடத்தில் வேண்டாம். புளிப்பு செம்பைக் கரைத்து இழுத்துவிடும், வயிற்றைப் புரட்டும்.

சரி, தட்டில் நடந்தது முகத்தில் நடக்குமா? முதல் தடை, தோலே. வெளியில் இருப்பது உள்ளே போகக்கூடாது என்பதற்காகத்தான் மேல்தோல் இருக்கிறது. 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) மேல் எடை உள்ள மூலக்கூறு நல்ல தோலைத் தாண்டுவது கடினம் என்று ஒரு விதி வழக்கத்தில் உண்டு. காப்பர் பெப்டைடு சுமார் 400 டால்டன், அந்த வகையில் தேர்ச்சி. ஆனால் இது தண்ணீரில் கரையும் பொருள். மேல்தோலின் செல்களுக்கு இடையில் பூசியிருப்பதோ கொழுப்பு. அதனால் தடவியதில் ஒரு சிறு பங்குதான் உள்ளே இறங்கும். நானோமோல் அளவே போதும் என்பதால் அந்தச் சிறு பங்கும் வேலை செய்யலாம் என்பது இதை ஆதரிப்பவர்களின் வாதம். அர்த்தமுள்ள வாதம்தான். ஆனால் வாதம் வேறு, நிரூபணம் வேறு.

திறந்த காயத்தில் இந்தத் தடையே இல்லை, அங்கேதான் முதலில் முயன்றார்கள். சர்க்கரை நோயாளிகளின் பாதப்புண்ணுக்கு இதை ஜெல்லாகப் போட்டுப் பார்த்த ஆய்வு 1994இல் வந்தது, பலன் நம்பிக்கை தருவதாக இருந்தது. ஆனாலும் புண் ஆற்றும் மருந்தாக ஒப்புதல் வாங்கும் தூரத்துக்கு அது போய்ச் சேரவில்லை. மருந்துக் கடை அலமாரிக்குப் போக வேண்டிய சரக்கு அழகுப் பொருள் அலமாரிக்கு வந்தது இப்படித்தான். மருந்து என்றால் பலனை நிரூபிக்க வேண்டும். அழகுப் பொருளுக்கு அந்த அளவு நிரூபணம் யாரும் கேட்பதில்லை, நம் நாட்டிலும் அப்படித்தான்.

முகத்தில் நடத்திய ஆய்வுகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது 2002இல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் மாநாட்டில் வைக்கப்பட்டது. வெயிலால் முதிர்ந்த முகத்தோடு 71 பெண்கள், 12 வாரம் காப்பர் பெப்டைடு க்ரீம். மென்சுருக்கம் குறைந்தது, தோல் கொஞ்சம் இறுகியது, அடர்த்தி கூடியது என்றார்கள். கண்ணைச் சுற்றிப் போடும் க்ரீமை 41 பெண்களிடம் பார்த்த இன்னொரு ஆய்வும் அதே சமயத்தில் வந்தது. இரண்டும் மாநாட்டுச் சுருக்கமாக நின்றவை. முழுக்கட்டுரையாக, எல்லாத் தரவையும் மேசையில் வைத்து, வெளியாட்கள் துருவிப் பார்த்த ஆய்வுகளோடு இவற்றைச் சமமாக வைக்க முடியாது.

எனக்குப் பிடித்த ஆய்வு 2006இல் வந்தது. கார்பன் டை ஆக்சைடு லேசரால் முகத்தோலைச் செதுக்கிக்கொண்ட 13 பேர். சிலருக்கு அதன்பின் காப்பர் பெப்டைடு, மற்றவர்களுக்கு அது இல்லாத பராமரிப்பு. சிவப்பு எவ்வளவு, சுருக்கம் எவ்வளவு என்று அளந்து பார்த்ததில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் காப்பர் போட்டுக்கொண்டவர்கள், தங்கள் தோல் நன்றாக ஆகியிருக்கிறது என்று மற்றவர்களைவிட அதிகம் திருப்தியாகச் சொன்னார்கள்! பதிமூன்று பேரை வைத்துப் பெரிதாக எதையும் முடிவுகட்ட முடியாது. ஆனாலும் அழகுப் பொருள் உலகம் முழுவதையும் அந்தச் சின்ன ஆய்வில் பார்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றும்.

"4000 மரபணுக்களை இளமைக்குத் திருப்புகிறது" என்று ஒரு விளம்பரம் சுற்றுகிறது, உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். ஆய்வகச் செல்களிலிருந்து எடுத்த தரவைக் கணினியில் அலசிச் சொன்ன கணக்கு அது. யார் முகத்திலும் அளந்தது இல்லை. விட்டுத்தள்ளுங்கள்.

இதை எதோடு ஒப்பிடுகிறேன் என்றும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் நாம்பூர் ஊரில் 903 பேரை நாலரை வருடம் பின்தொடர்ந்தார்கள். தினமும் சன்ஸ்கிரீன் போடச் சொல்லப்பட்டவர்களுக்கு, இஷ்டப்படி போட்டவர்களைவிடத் தோல் முதிர்ச்சி 24 சதவீதம் குறைவு. 2013இல் வெளியானது. ரெட்டினாலின் அண்ணனான ட்ரெட்டினோயின் மென்சுருக்கத்துக்கான மருந்தாகவே அமெரிக்காவில் 1995இல் ஒப்புதல் பெற்றது. இந்த இரண்டின் பக்கத்தில் காப்பர் பெப்டைடை நிறுத்தினால், கெட்டிக்காரத் தம்பி, ஆனால் இன்னும் பரீட்சை எழுதவில்லை.

இப்போது சேர்த்துப் போடுவது பற்றி. இங்கேதான் நிறையப் பேர் காசைக் கரியாக்குகிறார்கள்.

அந்த நீலம் சாயம் இல்லை (நல்ல சரக்காக இருந்தால்). செம்பு அயனியை ஜிஎச்கேயின் நைட்ரஜன்கள் சுற்றி வளைத்துப் பிடித்திருப்பதால் வரும் நிறம் அது. ஊதா கலந்த அடர்நீலம். பிடி தளர்ந்தால் நிறமும் வெளிறும். ஆய்வகத்தில் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அடர்நீலக் கரைசலில் கொஞ்சம் அமிலத்தை விட்டால் ஹிஸ்டிடின் கையை எடுத்துவிடும், கரைசல் மயில்துத்தம் கரைத்த தண்ணீர்போல இளநீலமாகிவிடும். வைட்டமின் சி, அதாவது அஸ்கார்பிக் அமிலம், விட்டால் இன்னும் மோசம்: செம்பின் மின்னூட்டத்தையே மாற்றி நீலத்தை அழித்துவிடும். அதே செம்பு திரும்பி வைட்டமின் சியை வேகமாக ஆக்சிஜனேற்றம் செய்து கெடுத்துவிடும். ஆக ஒரே நேரத்தில் ரெண்டையும் முகத்தில் போட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். முகம் வெந்துபோகும் என்று பயமுறுத்துகிறார்கள், அப்படி எதுவும் இல்லை. இரண்டு குப்பிக் காசு வீண், அவ்வளவுதான்.

ஈடிடிஏ என்ற பெயரைப் பல க்ரீம்களின் பட்டியலில் பார்த்திருப்பீர்கள். உலோகத்தைப் பிடித்துவைக்கத்தான் அதைச் சேர்ப்பதே. ஜிஎச்கேயைவிட இறுக்கமாகப் பிடிக்கும் என்பதால் செம்பை அதனிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். அதனால் சீரத்தின் பட்டியலிலேயே ஈடிடிஏ இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். மேலே போடும் மாய்ஸ்சரைசரில் இருந்தால், சீரம் போட்டு ஒரு பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள், அதற்கு மேல் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

உங்களுக்கு எளிய வழி: காலையில் வைட்டமின் சி, அதன் மேல் சன்ஸ்கிரீன், இப்போது செய்வதுபோலவே. ஒரு ராத்திரி ரெட்டினால், மறு ராத்திரி காப்பர். ரெட்டினாலுக்கும் காப்பருக்கும் வைட்டமின் சி மாதிரி பெரிய வேதிச்சண்டை கிடையாது. ஆனாலும் ஏதாவது அரித்தால் எதனால் என்று தெரிய வேண்டுமே, அதற்காகத்தான் பிரித்துச் சொல்கிறேன். கிளைகாலிக், சாலிசிலிக் மாதிரி அமிலப் பொருள் போடும் இரவில் காப்பரை விட்டுவிடுங்கள். முதல் தடவை முகத்தில் போடுவதற்கு முன் முழங்கையின் உள்பக்கத்தில் இரண்டு மூன்று நாள் தடவிப் பாருங்கள்.

கறுக்குமா என்ற பயம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. மெலனினை உண்டாக்கும் டைரோசினேஸ் நொதியும் செம்பு வைத்தே வேலை செய்கிறது, அதைப் படித்துவிட்டு யாரோ சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த நொதி செம்புக்காக ஏங்கிக் காத்திருக்கவில்லை. அதை முடுக்குவது வெயிலும் ஹார்மோனும்தான். சீரத்துச் செம்பால் மங்கு கூடும் என்று காட்டிய நல்ல ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. நம் மாநிறத் தோலில் எந்த எரிச்சல் வந்தாலும் அது ஆறும்போது கறையை விட்டுவிட்டுப் போகும். கொசு கடித்த இடம்கூட மாதக்கணக்கில் கறுப்பாக நிற்கிறதே. அதனால் புதிதாக எதைப் போட்டாலும் எரிந்தால், சிவந்தால், அன்றே நிறுத்துங்கள். "முதலில் மோசமாகி அப்புறம் நன்றாகும்" என்று ஆறுதல் சொல்பவர்களை நம்பி இழுக்க வேண்டாம். மங்குக்கு உண்மையில் உதவுவது, இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீன். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும், வெள்ளை சன்ஸ்கிரீன் பலவும் அதைத் தடுக்காது.

செம்பு உடம்பில் தேங்கும் வில்சன் நோய் உங்களுக்கோ வீட்டில் ரத்த உறவு யாருக்கோ இருந்தால், தடவுவதற்கு முன்னாலேயே டாக்டரிடம் கேளுங்கள்.

ஊசிக்கு வருவோம். இணையத்தில் சின்னச் சின்னக் குப்பிகளில் நீலப் பொடியாக விற்கிறார்கள். "ஆய்வுக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று அதன் லேபிளிலேயே இருக்கும். அதை வாங்கித் தண்ணீர் கலந்து வயிற்றுத் தோலுக்கடியில் குத்திக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். முகத்தில் தடவும்போது அந்தக் கெட்டியான மேல்தோல் ஒரு காவல்காரன். ஊசி அந்தக் காவலைத் தாண்டிவிடுகிறது. குப்பியில் கிருமி இருந்ததா, பாக்டீரியா நச்சு இருந்ததா, தயாரிப்பில் மிஞ்சிய வேறு பெப்டைடு துண்டுகள் இருந்தனவா என்பதெல்லாம் அப்போது உங்கள் உடம்பின் பிரச்சினை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023இல் ஊசிவழி காப்பர் பெப்டைடை, மருந்தகங்கள் கலந்து கொடுப்பதில் பாதுகாப்புக் கவலை உள்ள பொருள்களின் பட்டியலில் வைத்தது. உடம்பு அதற்கு எதிராக நோயெதிர்ப்பைக் கிளப்பிவிடலாம் என்பது முக்கியக் கவலைகளில் ஒன்று. சுருக்கத்துக்காக எடுக்கும் ரிஸ்க்கா இது?

வீட்டில் நுண்ணூசிகள் பதித்த உருளையை (டெர்மா ரோலர்) முகத்தில் ஓட்டிவிட்டு மேலே சீரம் தடவுவதும் ஏறக்குறைய இதே கதைதான். அப்படி உருளைச் சிகிச்சையோடு வைட்டமின் சி சீரம் போட்டுக்கொண்ட பெண்களுக்கு முகத்தில் ஒவ்வாமைக் கட்டிகள் வந்ததைத் தோல் மருத்துவர்கள் 2014இல் எழுதினார்கள். தோலின் மேலே இருக்கத் தயாரித்த சரக்கு தோலுக்குள் போகக்கூடாது.

உங்கள் குப்பியை ஒரு முறை திருப்பிப் பாருங்கள். பட்டியலில் காப்பர் ட்ரைபெப்டைடு-1 என்று இருக்க வேண்டும். காப்பர் பிசிஏ, காப்பர் குளுக்கோனேட் எல்லாம் வேறு பொருள்கள், அவற்றை வைத்துக்கொண்டு பெப்டைடு என்று பேர் போடும் சரக்கும் உண்டு. அப்புறம், ஒரு சதவீதத்துக்குக் கீழே இருக்கும் பொருள்களை எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம் என்பது விதி. அதனால் பட்டியலில் நடுவில் இருப்பதைப் பார்த்து அளவைக் கணிக்க முடியாது. நிறம் ஓரளவு துப்பு கொடுக்கும்: ஒரு சதவீதம் அளவில் இருந்தால் நல்ல நீலம் தெரியும். ஆனால் பட்டியலில் நீலச் சாயம் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள், சாயம் இருந்தால் நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

வெயில் படாத, அடுப்பிலிருந்து தள்ளிய அலமாரியில் வையுங்கள். சித்திரை வைகாசியில் ஃப்ரிட்ஜ் கதவில் வைத்தாலும் தப்பில்லை. நீலம் வெளிறினாலோ பச்சையாகவோ பழுப்பாகவோ மாறினாலோ தூக்கிப் போட்டுவிடலாம்.

முதல் நாளே ஒரே ஜன்னல், ஒரே நேரம், விளக்கு இல்லாமல் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் இன்னொன்று. தினமும் கண்ணாடி பார்க்கும் கண்ணுக்கு எதுவும் தெரியாது, அல்லது எல்லாமே தெரியும். இரண்டு போட்டோவையும் உங்கள் தங்கைக்கு அனுப்பி எது முன், எது பின் என்று சொல்லாமல் கேட்டுப் பாருங்கள். அவளால் சரியாகச் சொல்ல முடியவில்லை என்றால் அடுத்த குப்பிக்குப் பதில் நல்ல சன்ஸ்கிரீனாக அனுப்பச் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் இரவுகளைப் பிரித்து இப்படியே தொடருங்கள், முகத்துக்குப் போக விரலில் மிஞ்சியதைப் புறங்கையில் தேய்த்துவிடுங்கள்.